எலும்புக் குழியை எதை வைத்து நிரப்புவது? கரையும் கால்சியம் பாஸ்பேட் செராமிக்குகள்: ஓர் ஒப்பீடு

சிறுவன் ஒருவனின் தோள்பட்டை எலும்பில் இருந்த நீர்க்கட்டியைச் சுரண்டி எடுத்தால் அங்கே ஒரு குழி மிஞ்சும். பைக்கிலிருந்து விழுந்தவருக்கு முழங்கால் மூட்டின் கீழ்ப்பரப்பு அமுங்கியிருந்தால், அதைத் தூக்கி நிறுத்தியதும் அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகும். பல் பிடுங்கி வருடக்கணக்கில் அப்படியே விட்ட மேல்தாடையில் இம்ப்ளான்ட் திருகும் அளவுக்கு எலும்பு உயரம் இருக்காது. மூன்று இடத்திலும் எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும்.

நோயாளியின் சொந்த இடுப்பெலும்பை எடுத்து வைப்பதுதான் இன்றும் இதற்கு உரைகல். அதில் உயிருள்ள செல்கள் உண்டு, எலும்பு வளரத் தூண்டும் புரதங்கள் உண்டு, புது எலும்பு பற்றிக்கொண்டு ஏறச் சட்டகமும் உண்டு. ஆனால் அதை எடுக்க இன்னொரு வெட்டு போட வேண்டும். எடுத்த இடம் சிலருக்கு மாதக்கணக்கில் வலிக்கும். கிடைக்கும் அளவும் கொஞ்சம்தான். சின்னப் பிள்ளைகளிடம் எடுக்கவே இடமிருக்காது. இந்தக் காரணங்களால்தான் செயற்கை நிரப்பிகள் வந்தன, அவற்றில் கால்சியம் பாஸ்பேட் குடும்பம் முன்னே நிற்கிறது. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதே குடும்பத்துக் கனிமம் என்பதால், உடல் இதை வேற்றுப்பொருளாக நினைத்து ஒதுக்குவதில்லை.

இந்தப் பொருட்களின் விளம்பரக் கையேடுகளைப் புரட்டினால் "முழுவதும் கரைந்து எலும்பாக மாறிவிடும்" என்ற வரி எப்படியும் இருக்கும். கரைவது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கரையும் வேகத்தை மட்டும் வைத்து ஒன்றை உசத்தி, இன்னொன்றைத் தாழ்த்திப் பேசுவது தவறு என்றே நினைக்கிறேன். கூரை கான்கிரீட் இறுகுமுன் சென்ட்ரிங் பலகையைப் பிரித்தால் கூரை கீழே வரும். பிரிக்காமலே விட்டால் அந்த அறையில் குடியேற முடியாது. பலகையை எப்போது பிரிப்பது என்பதை மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எலும்பு நிரப்பியும் அப்படித்தான். புது எலும்பு எந்த வேகத்தில் வருகிறது, அதுவரை அந்த இடத்தின் வடிவத்தை எது தாங்குகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரைவதில் இரண்டு வழி

"கரைகிறது" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு வேறு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, உடல் திரவமே பொருளைக் கரைத்துக் கொண்டுபோவது. கால்சியம் சல்பேட் அப்படித்தான் போகிறது; பிரஷைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டும் பெரும்பாலும் அப்படித்தான். இதற்கு எந்தச் செல்லின் தயவும் தேவையில்லை. அருகில் எலும்பு வந்திருக்கிறதா இல்லையா என்பதும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

இன்னொன்று, செல்கள் அரித்துத் தின்பது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பல கருக்கள் கொண்ட பெரிய செல் ஒன்று செராமிக்கின் பரப்பில் வந்து உட்காரும். தன் விளிம்பைச் சுற்றிலும் இறுக ஒட்டிக்கொண்டு, அடியில் வெளித் திரவம் புக முடியாத ஒரு சிறு அறையை உண்டாக்கும். அந்த அறைக்குள் அமிலத்தை இறைத்து, பி.எச். அளவை 4.5 வாக்கில் கொண்டுவந்துவிடும். ரத்தத்தின் 7.4-இல் அசையாத கனிமம், அந்த அமிலத்தில் கரைந்து சின்னப் பள்ளமாகிறது. நம் எலும்பு நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதும் இதே முறையில்தான். பழையதை ஆஸ்டியோகிளாஸ்ட் அரித்த பள்ளத்தில், அதன் பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் வந்து புது எலும்பைப் படிய வைக்கும். ஓர் இடத்தில் இந்தச் சுற்று முடிய மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும்.

செல் அரிக்கும் பொருளைத்தான் நான் அதிகம் நம்புவேன். அரிக்கும் செல் வர வேண்டுமானால் ரத்தக் குழாய் வர வேண்டும். ரத்தக் குழாய் வந்த இடத்துக்கு எலும்பு கட்டும் செல்லும் வரும். அதாவது பொருள் போவதும் எலும்பு வருவதும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. திரவமே கரைக்கும் பொருளில் அந்தக் கட்டு இல்லை.

பீட்டா டிசிபி

பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டைச் சுருக்கி டிசிபி என்பார்கள். கரையும் செராமிக் என்றதும் பெரும்பாலான அறுவை மருத்துவர்களுக்கு நினைவுக்கு வருவது இதுதான். இந்த வகைப் பொருளை எலும்பில் வைத்துப் பார்த்த கதை பழையது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஃப்ரெட் ஆல்பி, 1920-இல் முயல்களின் எலும்பு இடைவெளியில் கால்சியம் பாஸ்பேட்டை ஊசியால் செலுத்தி, எலும்பு சேர்வது விரைவதாக எழுதினார். அவர் செலுத்தியது தூள் கலவை. இன்று கிடைக்கும் சுட்டு இறுக்கிய துளைச் செராமிக் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதில் கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள அணு விகிதம் 1.5. எலும்பின் கனிமத்தை ஒத்த இன்னொரு கால்சியம் பாஸ்பேட்டான ஹைட்ராக்ஸிஅபடைட்டில் (சுருக்கமாக அபடைட்) அது 1.67. தூளாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான். கையில் எடுத்துப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் கருவியில் வைத்தால்தான் டிசிபியின் முக்கிய முகடு 31 டிகிரிக்கும், அபடைட்டின் முகடு 31.8 டிகிரிக்கும் தனித்தனியாக எழும்பும். அந்த முக்கால் டிகிரி இடைவெளிதான் உடலுக்குள் போனபின் டிசிபி ஒன்றிரண்டு வருடத்தில் மறைவதையும், அபடைட் ஆயுளுக்கும் இருப்பதையும் முன்கூட்டியே சொல்கிறது.

சூளையின் வெப்பமும் முக்கியம். சுமார் 1125 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பீட்டா வடிவம் ஆல்ஃபா வடிவமாக மாறத் தொடங்கும். ஆல்ஃபா இன்னும் எளிதில் கரையும். தண்ணீர் பட்டால் வேதி மாற்றமும் அடையும். சிமெண்ட் செய்ய அது நல்லது, குருணையாக வைக்க அவ்வளவு நல்லதல்ல. மெக்னீசியம் கொஞ்சம் சேர்ந்திருந்தால் பீட்டா வடிவம் அதிக வெப்பத்திலும் தாக்குப்பிடிக்கும். ஆக, "டிசிபி" என்று டப்பாவில் எழுதியிருப்பதால் மட்டும் இரண்டு தயாரிப்புகள் ஒன்றாகிவிடாது. கலப்பில்லாத பீட்டாவா, எவ்வளவு சூட்டில் சுட்டது, துளை எவ்வளவு என்று மூன்றையும் கேட்டால்தான் அது உடம்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஓரளவாவது கணிக்க முடியும்.

இது குழிக்குள் போனபின் என்ன ஆகிறது என்பதை எக்ஸ்ரே வரிசையில் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. முதல் நாள் படத்தில் ஒவ்வொரு குருணையும் கூர்மையான விளிம்போடு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். குருணைத் திரளுக்கும் சுற்றியுள்ள எலும்புக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடும். சில வாரங்களில் முதலில் மறைவது அந்தக் கோடுதான். எலும்பு குருணையைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். அப்புறம் ஓரத்துக் குருணைகளின் விளிம்பு மங்கும், குருணை குருணையாகத் தெரிந்தது ஒரே மேகம்போல் ஆகும், கடைசியில் எலும்பின் இயல்பான இழை வரிகள் குறுக்கே ஓடத் தொடங்கும். எப்போதும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித்தான் இது நகரும். சின்னக் குழி, இளம் வயது, நல்ல ரத்த ஓட்டம் என்றால் ஆறு மாதத்திலேயே பெரும்பகுதி மறைந்திருக்கும். பெரிய குழியாக இருந்தால் இரண்டு வருடம் கழித்தும் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு நிற்கும். அந்தத் திட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஓரம் நன்றாகச் சேர்ந்திருந்து, வலியும் இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறானதுக்கு. வெள்ளை மறைந்துவிட்டது, ஆனால் இழை வரி வரவில்லை, அந்த இடம் வெறும் சாம்பலாக இருக்கிறது என்றால், குருணை போய் நார்த் திசு வந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் வெள்ளை மங்கியதை மட்டும் பார்த்து "எலும்பாகிவிட்டது" என்று சொல்லக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே சரி.

டிசிபியின் பெரிய குறை, வலு. எலும்பின் உட்புறத்தில் பஞ்சுபோல் இருக்கும் நடுத்துளை எலும்பு தாங்கும் அமுக்க அழுத்தம் ஏறக்குறைய 2 முதல் 12 மெகாபாஸ்கல் வரை. 70, 75 சதவீதம் துளையுள்ள டிசிபி கட்டி அதன் கீழ்ப் பகுதியில்தான் வரும். அதுவும் நொறுங்கும் குணத்தோடு. துளையைக் குறைத்தால் வலு கூடும், கரைவது தாமதப்படும். ஜப்பானில் முழங்கால் மூட்டின் கோணத்தைத் திருத்தும் அறுவையில், வெட்டித் திறந்த இடைவெளியில் டிசிபி ஆப்பு வைப்பது வழக்கம். ஒலிம்பஸ் நிறுவனத்தின் ஆஸ்ஃபெரியான் முதலில் 75 சதவீதத் துளையோடு இருந்தது. ஆப்பாக நின்று பாரம் தாங்க வேண்டிய இடத்துக்காக 60 சதவீதத் துளையுள்ளதையும் கொண்டுவந்தார்கள். மறு கோடியில் அமெரிக்காவில் 2000-இல் அனுமதி பெற்ற விட்டாஸ் ஏறக்குறைய 90 சதவீதம் துளை. பஞ்சுபோல் ரத்தத்தையும் மஜ்ஜையையும் உறிஞ்சிக்கொள்ளும், பாரம் தாங்கும் எண்ணமே அதற்குக் கிடையாது. இரண்டும் பீட்டா டிசிபிதான். எதை வைத்தாலும் பாரத்தைத் தாங்க வேண்டியது பிளேட்டும் ஸ்க்ரூவும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செல் அரிப்பதை நம்பியிருக்கும் பொருள் என்பதால், அந்தச் செல்லை முடக்கும் மருந்து இதையும் பாதிக்கும். எலும்பு மெலிவுக்குப் பிஸ்பாஸ்போனேட் மாத்திரையோ டெனோசுமாப் ஊசியோ எடுப்பவரிடம் ஆஸ்டியோகிளாஸ்ட் அடங்கித்தான் இருக்கும். அவரிடம் டிசிபி வழக்கமான காலத்தில் மறையும் என்று எதிர்பார்க்க முடியாது. அறுவைக்கு முன்பே மருந்துப் பட்டியலைக் கேட்டு வைத்துக்கொண்டால், பின்னால் எக்ஸ்ரேயைப் பார்த்துக் குழம்ப வேண்டியிருக்காது.

ஹைட்ராக்ஸிஅபடைட்

எலும்பின் கனிமத்துக்கு மிக நெருங்கிய உறவு இதுதான் என்பார்கள், ஓரளவு உண்மை. ஆனால் எலும்பிலுள்ள அபடைட் நானோ அளவுப் படிகம், கார்பனேட் கலந்தது, கால்சியம் குறைந்தது. அதனால் எளிதில் அரிபடும். 1200 டிகிரி வாக்கில் சுட்ட அபடைட் படிகம் பெரியது, கட்டமைப்பில் குறையில்லாதது. அந்தக் குறையில்லாமையே அதை அசைக்க முடியாததாக ஆக்குகிறது. உடல் திரவம் ஏற்கெனவே அபடைட்டால் நிறைந்திருப்பதால் திரவம் அதைக் கரைக்காது. ஆஸ்டியோகிளாஸ்ட் மேலே கொஞ்சம் பிறாண்டும், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து எடுத்த படத்திலும் அது வெள்ளையாகவே நிற்கும்.

கை கால் எலும்பில் இது ஒரு தொந்தரவு. உள்ளே நிரந்தரமாக நொறுங்கும் குணமுள்ள ஒரு பொருள் இருக்கிறது, முறிவு சேர்ந்ததா இல்லையா என்று படத்தில் பார்க்கவும் அது மறைக்கிறது, பின்னால் அதே இடத்தில் ஸ்க்ரூ போட வேண்டி வந்தால் இடைஞ்சல். ஆனால் மேல்தாடையில் பல்லுக்கு மேலே இருக்கும் காற்றறையான சைனஸின் தரையைத் தூக்கி நிரப்பும் வேலையில் இதே குணம் வரமாகிவிடுகிறது. அங்கே மூச்சுக் காற்றின் அழுத்தம் ஓயாமல் மேலிருந்து அமுக்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கரையும் பொருள் வைத்தால் தூக்கிய தரை திரும்பவும் இறங்கிவிடும். மெதுவாகக் கரைவது, அல்லது கரையாதது, உயரத்தைக் காப்பாற்றித் தரும். பல் மருத்துவர்கள் மாட்டு எலும்பிலிருந்து புரதத்தை நீக்கிச் செய்த பயோ-ஆஸ் போன்றவற்றை விரும்புவதற்கு இதுவே காரணம். பல வருடம் கழித்து எடுத்த திசுத் துண்டிலும் அதன் துகள்கள் புது எலும்புக்கு நடுவே பதிந்தபடி தெரியும். மாட்டு எலும்பிலிருந்து வந்தது என்பதை நோயாளியிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் அதைக் கேட்டால் வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கருத்துக்கு மதிப்புக் கொடுப்பது நம் கடமை, செயற்கையானதும் கிடைக்கிறது.

பவழத்தைக் கொண்டு செய்யும் வகையும் ஒன்று உண்டு. கடற்பவழத்தின் சட்டகம் கால்சியம் கார்பனேட். அதன் துளை அமைப்பு நடுத்துளை எலும்பை ஒத்திருப்பதைக் கண்டு, வெந்நீர் அழுத்தத்தில் வைத்துக் கார்பனேட்டை அபடைட்டாக மாற்றும் முறையை 1974-இல் ராயும் லினஹனும் வெளியிட்டார்கள். புரோ-ஆஸ்டியான் அந்த வழியில் வந்தது. ஒன்றோடொன்று தொடர்புள்ள துளைக்கு இயற்கை தந்த நல்ல மாதிரி அது.

இரண்டையும் கலந்தால்

ஒன்று அதிகம் கரைகிறது, மற்றொன்று கரையவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் சேர்த்தால் என்ன? அமெரிக்காவில் ராக்கேல் லெகெரோஸும் பிரான்சின் நான்ட் நகரில் ஜெரார் டாகுல்சியும் இதில் பல வருடம் உழைத்தார்கள். இருகட்டச் செராமிக் என்ற பெயரில் இது நிலைபெற்றது. 60 சதவீதம் அபடைட், 40 சதவீதம் டிசிபி என்பது புகழ்பெற்ற கலவை. டிரையோசைட், ஸ்ட்ராமன் போன்செராமிக் எல்லாம் அந்த விகிதம்தான்.

இதைச் செய்யும் விதம் அழகானது. இரண்டு தூளை வாங்கிக் கிளற வேண்டியதில்லை. கால்சியம் கொஞ்சம் குறைந்த அபடைட்டைத் தயாரித்து, 700 டிகிரிக்கு மேல் சுட்டால் அதுவே பிரிந்து அபடைட்டும் டிசிபியுமாக ஒரே துகளுக்குள் நெருங்கிக் கலந்து நிற்கும். எவ்வளவு குறைக்க வேண்டும் தெரியுமா? விகிதம் 1.67-க்குப் பதில் 1.60 ஆக இருந்தால் 40 சதவீதம் டிசிபி கிடைத்துவிடும். 1.53 என்றால் 80 சதவீதம். எடை போடுவதிலும் கரைசலின் பி.எச்.-இலும் சின்னப் பிசகு வந்தால் போதும், உடலில் கரையும் காலம் மாறிவிடும். மறுபக்கம் 1.67-ஐத் தாண்டினாலும் ஆபத்து. சுடும்போது மிச்சக் கால்சியம் சுண்ணாம்பாக நிற்கும். ஈரம் பட்டதும் அது நீர்த்து ஊதி, குருணையை வெடிக்க வைக்கும், சுற்றிலும் காரத்தன்மையையும் ஏற்றும்.

கலவையில் எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. வெறும் டிசிபியைவிட, அபடைட் 25-க்கு டிசிபி 75 என்ற கலவையில் ஆஸ்டியோகிளாஸ்ட் நன்றாகப் பள்ளம் தோண்டியது என்று நான்ட் குழு 1997-இல் வெளியிட்டது. டிசிபி மட்டும் இருந்தால் செல்லுக்கு அடியில் கால்சியம் அளவுக்கு மீறிச் சேர்ந்து, செல்லே வேலையை நிறுத்திக்கொள்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். அதிகம் கரைவது அதிகம் அரிபடுவதாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எனக்கு 60-40 கலவையைவிட, அபடைட் 20, டிசிபி 80 என்ற பக்கம்தான் சாய்வு. 60 சதவீதம் அபடைட் என்றால், டிசிபி எல்லாம் போன பிறகும் அபடைட் பங்கு உள்ளே தங்கத்தான் செய்யும். தாடையில் அது சரி, தொடை எலும்பில் எதற்கு?

கால்சியம் சல்பேட்

பாஸ்பேட் குடும்பம் இல்லையென்றாலும் இதை விட்டுவிட முடியாது, ஏனென்றால் விலை குறைவு, போட்டியில் இருக்கிறது. நாம் மாவுக்கட்டுக்குப் பயன்படுத்தும் அதே பொருள்தான், மருத்துவத் தரத்தில். டிரீஸ்மன் 1892-இலேயே இதை எலும்புக் குழியில் வைத்ததைப் பதிவு செய்தார். திரவமே கரைக்கும், ஒன்று முதல் மூன்று மாதத்தில் காணாமல் போய்விடும். பெரும்பாலான குழிகளில் எலும்பு அந்த வேகத்தில் வராது. சிலருக்குக் காயத்திலிருந்து நீர் கசிவதும் உண்டு. வெறும் நிரப்பியாக இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் சீழ் பிடித்த எலும்பைச் சுத்தம் செய்தபின் ஜென்டாமைசின், வான்கோமைசின் போன்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்து வைக்க, இது கெட்டிக்காரப் பொருள். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுத் தானும் போய்விடும்; திரும்ப எடுக்க இன்னொரு அறுவை வேண்டாம். கிருமி இருக்கும் இடத்தில் வருடக்கணக்கில் நிற்கும் செராமிக்கை வைப்பது கிருமிக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகிவிடும்.

சிமெண்ட்

குருணையும் கட்டியும் ஏற்கெனவே சுட்டவை. சிமெண்ட் அப்படியல்ல, ஆபரேஷன் தியேட்டரில் பொடியையும் திரவத்தையும் கலந்து பசையாக்கி ஊசிவழி செலுத்தினால் குழியின் மூலைமுடுக்கெல்லாம் போய் உடல் வெப்பத்திலேயே இறுகும். அமெரிக்காவில் பிரவுனும் சோவும் 1980-களில் கண்டுபிடித்தார்கள். இரண்டு கால்சியம் பாஸ்பேட் பொடிகள் தண்ணீரில் கரைந்து, அபடைட்டாகப் படிகமாகி, ஊசி ஊசியாகப் பின்னிக்கொள்கின்றன. சூடு ஏறுவதில்லை. எலும்பு மருத்துவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் வகைச் சிமெண்ட் இறுகும்போது சுடும். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய நிம்மதி.

இது வெல்லும் இடம் முழங்கால் மூட்டுப் பரப்பின் அமுங்கிய முறிவு. குருத்தெலும்பைத் தாங்கும் தட்டை உயர்த்திப் பிளேட் போட்டபின், அடியில் இருக்கும் வெற்றிடத்தில் இடுப்பெலும்புத் துருவலை வைத்தால் பாரம் படப்பட அது அமுங்கும், மேலே தூக்கிய தட்டும் கூடவே இறங்கும். சிமெண்ட் அமுங்காது. ரஸ்ஸலும் லெய்ட்டனும் 2008-இல் வெளியிட்ட பல மருத்துவமனை ஆய்வில், 120 முறிவுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். மூன்று மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையே மூட்டுப் பரப்பு இறங்கியது சொந்த எலும்பு வைத்தவர்களிடம்தான் அதிகம். உரைகல் என்று நாம் சொல்லும் சொந்த எலும்பே ஓர் இடத்தில் தோற்கிறது என்பதால், இந்த ஒரு முடிவை நான் பலமுறை திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கரைவதில் சிமெண்ட் மெதுவானது. சுட்ட அபடைட்டைவிடப் படிகம் சிறியது என்பதால் ஆஸ்டியோகிளாஸ்ட் அரிக்கத்தான் செய்யும், ஆனால் உள்ளே செல் நுழையும் அளவுக்குப் பெரிய துளைகள் இல்லை, நுண்துளைதான். அதனால் மேலிருந்து ஒவ்வொரு அடுக்காகத்தான் போக முடியும். வருடக்கணக்கில் நிற்கும். பிரஷைட்டாக இறுகும் வகையும் உண்டு. அது வேகமாகக் கரையும், வலு குறைவு. சில சமயம் கரைவதற்குள்ளேயே அபடைட்டாக மாறி, நின்றுவிடவும் செய்கிறது. அதன் போக்கைக் கணிப்பது கடினம் என்பதால் எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை வரவில்லை.

சிமெண்டைப் பற்றிப் பேசும்போது நோரியன் எக்ஸ்ஆர் விவகாரத்தைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. சின்தெஸ் குழுமத்தின் நோரியன் நிறுவனம் விற்ற இந்தக் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டை, அமுங்கிய முதுகெலும்பில் செலுத்த அமெரிக்க அரசின் அனுமதி இல்லை. ஆனாலும் 2002 முதல் 2004 வரை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அதே வேலைக்குப் பயன்படுத்த வைத்தார்கள். மூன்று பேர் அறுவை மேசையிலேயே இறந்தார்கள். இந்தச் சிமெண்ட் ரத்தத்தில் கலந்தால் உறைவைத் தூண்டும் என்ற எச்சரிக்கை, சோதனைக்கூட முடிவுகளாக நிறுவனத்தின் கையில் முன்பே இருந்தது. 2010-இல் நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டன. 2011-இல் நான்கு அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மூட்டுக்கு அடியில், பிளேட்டுக்குப் பக்கத்தில், கண்ணால் பார்த்துக்கொண்டே வைக்கும்போது இவ்வளவு நல்லதாக இருக்கும் பொருள், நாளங்கள் திறந்திருக்கும் முதுகெலும்புக்குள் அழுத்தத்தோடு போகும்போது உயிரை எடுத்தது. வேதியியல் மாறவில்லை, இடம்தான் மாறியது.

துளையும் பரப்பும்

இதுவரை வேதியியலை வைத்தே பிரித்தேன். ஆனால் ஒரே பொருளில் துளை மாறினால் நடத்தை மாறிவிடும். ரத்தக் குழாயும் செல்லும் நுழைய 100 மைக்ரானுக்கு மேல் அகலமுள்ள துளை வேண்டும். அதைவிட முக்கியம், துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள வாசல். 300 மைக்ரான் அறைகள் இருந்தும் வாசல் 20 மைக்ரான்தான் என்றால் உள் அறைகள் காலியாகவே கிடக்கும். கையேட்டில் "75 சதவீதம் துளை" என்று மட்டும் போட்டு வாசல் அளவைப் போடாவிட்டால், அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை.

பரப்பின் நுண் அமைப்பு இன்னும் வியப்பானது. யுவானும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மைக்ரானுக்கும் குறைவான துகளமைப்பு கொண்ட டிசிபியை விலங்குகளின் தசைக்குள் வைத்தார்கள். எலும்பே இல்லாத அந்த இடத்தில் எலும்பு முளைத்தது. செல்லும் சேர்க்கவில்லை, வளர்ச்சிப் புரதமும் சேர்க்கவில்லை. ஆடுகளின் இடுப்பெலும்புக் குழியில் வைத்தபோது அது சொந்த எலும்புக்கு ஈடாக நின்றது. அதே டிசிபி, கரடுமுரடு அமைப்பு மட்டும் வேறாக இருந்தால் தசையில் ஒன்றும் நடப்பதில்லை. மனிதர்களில் இதே அளவு பலன் கிடைக்கும் என்று அவசரப்பட வேண்டாம். ஆனால் அடுத்த பத்து வருட வேலை இந்தப் பக்கம்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்.

எந்த இடத்துக்கு எது

சிறுவர்களின் கட்டிக் குழி, சுற்றிலும் நல்ல எலும்புச் சுவர் இருந்தால், தயங்காமல் பீட்டா டிசிபி. வளரும் எலும்பில் நிரந்தரப் பொருள் எதையும் விட்டுவைக்கக் கூடாது. மூட்டுப் பரப்புக்கு அடியில் அபடைட் சிமெண்ட், பிளேட்டோடு சேர்த்து. சைனஸ் தரைக்கு அபடைட் மிகுந்த கலவை. சீழ் வந்த எலும்புக்கு மருந்து கலந்த சல்பேட், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நடு எலும்பே ஒரு துண்டு காணாமல் போன நீளமான இடைவெளிக்கு இவற்றில் எதுவும் தனியாகப் போதாது. அங்கே சொந்த எலும்போ, எலும்பை இழுத்து வளர்க்கும் முறையோதான். செராமிக் வேண்டுமானால் சொந்த எலும்போடு கலந்து அளவைக் கூட்டலாம்.

நம் நாட்டில் அபடைட்டுக்குப் பஞ்சமில்லை. ஷாஜகான்பூரில் தயாராகும் ஜி-போன் பல மருத்துவமனைகளில் பழகிய பெயர். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், கால்சியம் பாஸ்பேட் சிமெண்டையும் கண்ணாடி கலந்த அபடைட்டையும் சொந்தமாக உருவாக்கியிருக்கிறது. சென்னை ஐஐடியில் முட்டை ஓட்டிலிருந்து அபடைட் செய்யும் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. ஆனால் எளிதில் கிடைப்பது அபடைட் என்பதற்காகக் கரைய வேண்டிய இடத்திலும் அதையே வைப்பதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. உள்நாட்டில் கலப்பில்லாத, துளை அளவு நிலையான டிசிபி மலிவாகக் கிடைத்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு நல்லது.

எதைத் தேர்ந்தாலும் வைக்கும் முறையில் கவனம் தேவை. குருணையைச் சலைனில் ஊறப்போடாமல், அறுத்த இடத்தில் ஊறும் ரத்தத்திலோ உறிஞ்சி எடுத்த மஜ்ஜையிலோ நனைத்தால் துளைக்குள் முதலில் புகுவது செல்லாக இருக்கும். சலைன் முதலில் புகுந்துவிட்டால் மஜ்ஜைக்கு உள்ளே இடமிருக்காது. வெள்ளைக் குருணை நுனியிலிருந்து சிவப்பேறி, சில நொடிகளில் முழுவதும் கருஞ்சிவப்பாகும். சில குருணை மட்டும் வெளுப்பாகவே நின்றால் காற்று அடைபட்டிருக்கிறது என்று பொருள். மெதுவாகக் கிளறிவிட வேண்டும். குழியின் சுவரை ரத்தம் கசியும்வரை சுரண்டியிருக்க வேண்டும், வெளுத்துக் கடினமான சுவரில் எதை வைத்தாலும் ஒட்டாது. நிரப்பும்போது குத்திக் குத்தித் திணிக்கவும் கூடாது. குருணை நொறுங்கித் தூளானால் துளையும் வாசலும் போய்விடும், தூளைத் தின்ன மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்களின் கூட்டம் சேர்ந்து அழற்சியும் வரும். அடுத்தடுத்த குருணைகள் தொட்டுக்கொண்டு, விரலால் அழுத்தினால் நகராத அளவு இறுக்கம் இருந்தால் போதும்.